மணிப்பூர் இளையோர் பேச்சில் கொரியச் சொற்கள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

வெகுசன ஊடகங்கள் பதின்பருவத்தினரின் மொழியை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் வினாவுக்கு இந்தியாவில் தரப்பட்டுள்ள விடைகளுள் பெரும்பாலானவை இரண்டு வகையில் அடங்கிவிடுகின்றன. ஒன்று, தாய்மொழி கெட்டுவிட்டது என்னும் புலம்பல். மற்றொன்று, மொழி மாறுவது இயல்பே என்னும் அமைதி. புதிதாக வந்த சொல் எது, எவ்வழியாக வந்தது, பேச்சின் எந்த இடத்தில் அமர்ந்தது என்பதை இரண்டுமே நின்று பார்ப்பதில்லை. ஆடையிலும் தலைமுடி ஒப்பனையிலும் காணும் தாக்கத்தை அளந்த கோலையே மொழிக்கும் எடுத்துக்கொள்கின்றன. இக்குறையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு, மணிப்பூரில் 2000த்துக்குப் பின் பரவிய கொரியத் திரைப்பட, தொலைக்காட்சித் தொடர் ஈடுபாடாகும். அதைப் பற்றிய எழுத்துகள் ஆங்கிலத்தில் பல உள்ளன. அவற்றுள் மொழிச் செய்தி பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துவிடும்: இளையோர் சில கொரியச் சொற்களைப் பேசுகின்றனர் என்பதும், அச்சொற்களின் சிறு பட்டியலும். அப்பட்டியலையே ஆய்வுப் பொருளாகக் கொண்டால் வேறொரு செய்தி வெளிப்படுகிறது.

தடையும் வருகையும்

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புரட்சிகர மக்கள் முன்னணி என்னும் தலைமறைவு அமைப்பு, மணிப்பூரில் இந்தித் திரைப்படங்களுக்கும் இந்தித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் தடை விதித்தது. அவை மணிப்பூரின் மொழியையும் பண்பாட்டையும் அரிக்கின்றன என்பது அது கூறிய காரணம். கேபிள் இணைப்பு நடத்துவோர் இந்தி அலைவரிசைகளை நிறுத்தினர். திரையரங்குகளுள் சில மூடப்பட்டன. சில உள்ளூர்ப் படங்களுக்கு மாறின. இதனால் விளைந்த நன்மையையும் மறைக்க வேண்டுவதில்லை. 1972இல் 'மாதம்கி மணிப்பூர்' என்னும் படத்தோடு தொடங்கி, அரிபம் சியாம் சர்மாவின் 'இமாகி நிங்தெம்' (1981) வழியே வெளிநாட்டு விழாக்களிலும் பெயர் பெற்ற மணிப்புரித் திரைத்துறை, எண்ணிக்கையில் மெலிந்தே இருந்தது. அது 2002 முதல் குறைந்த செலவில் எடுக்கத்தக்க டிஜிட்டல் வீடியோ முறைக்கு மாறித் தொடர்ந்து படங்களை வெளியிடலாயிற்று. 1992இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றதும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 17.6 இலட்சம் பேரே தாய்மொழியாகக் கொண்டதுமான ஒரு மொழிக்கு இது சிறிய பேறன்று.

தடை முழுமையாக இருந்ததா என்பது வேறு வினா. பொதுத்திரையில் மட்டும் அது நெடுங்காலம் நீடித்தது. 2014இல் வெளிவந்த 'மேரி கோம்' இந்தித் திரைப்படம், மணிப்பூரில் பிறந்த வீராங்கனையின் வரலாறாக இருந்தும், அவர் மாநிலத்தில் திரையிடப்படவில்லை. 2023 மே மாதம் தொடங்கிய இனமோதலுக்குப் பின், அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று சூராசாந்த்பூர் மாவட்டத்தில் மார் இன மாணவர் அமைப்பொன்று இந்திப் படத்தை வெளிப்படையாகத் திரையிட்டது. மலைப்பகுதி மக்கள் பள்ளத்தாக்கின் அமைப்புகளுக்குக் காட்டிய எதிர்ப்பாகவே அது கொள்ளப்பட்டது. மணிப்பூர் இளையோர் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவோர் ஒரே மொழியினர் அல்லர் என்பதையும் இந்நிகழ்வு நினைவூட்டும். இக்கட்டுரை மெய்தெய் எனவும் வழங்கும் மணிப்புரி மொழி பேசுவோரையே முதன்மையாகக் கொள்கிறது.

இந்தி விலகிய அலைவரிசைகளில் வந்தமர்ந்தவற்றுள் கொரியாவின் அரிராங் தொலைக்காட்சியும், பின்னர் கே.பி.எஸ். வேர்ல்டும் அடங்கும். மியான்மர் எல்லையிலுள்ள மோரே சந்தை வழியாகக் கொரியப் படங்களின் திருட்டுக் குறுந்தகடுகளும் வந்தன. 'மை சாஸி கேர்ள்' (2001) முதலிய படங்கள் இம்பால் பள்ளி, கல்லூரி மாணவரிடையே பரவிய வழி இதுவே. இவை அனைத்திலும் பேச்சு கொரிய மொழி. திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் எனப்படும் வசனவரி ஆங்கிலம். பார்ப்பவரின் மொழி மணிப்புரி. இம்மும்மொழி அமைப்பைக் கொரிய ஈடுபாடு பற்றி எழுதியோர் ஒரு தொழில்நுட்பச் செய்தியாகக் குறித்துவிட்டுக் கடந்துள்ளனர். சொற்கடன் பற்றிய விளக்கம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

இரு விளக்கங்களின் குறை

கொரிய ஈடுபாட்டுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கங்கள் இரண்டு. இந்தி நீங்கியதால் ஏற்பட்ட வெற்றிடத்தைக் கொரியம் நிரப்பியது என்பது முதலாவது. இது காலத்தை விளக்குகிறது, பொருளை விளக்கவில்லை. இத்தகைய தடை ஏதும் நிலைபெறாத மிசோரமிலும் நாகாலாந்திலும் அதே ஆண்டுகளில் கொரியத் தொடர்கள் விரும்பிப் பார்க்கப்பட்டன. 2020க்குப் பின் சென்னை, கொச்சி, தில்லி மாணவரிடையே அவை பரவியபோது அங்கே எந்த வெற்றிடமும் இல்லை.

இரண்டாவது விளக்கம் முகச்சாயல், உணவு, குடும்பப் பெரியோரிடம் காட்டும் பணிவு ஆகியவற்றின் ஒப்புமை. இந்தியத் திரையில் தம் முகத்தைக் காணாத வடகிழக்கு இளையோர் கொரியத் திரையில் அதனைக் கண்டனர் என்னும் கூற்றில் உண்மை உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் சாயல் ஒப்புமை மட்டும் மொழிக்கடனுக்குக் காரணமாகுமாயின், எல்லைக்கு அப்பால் நாள்தோறும் வணிகத் தொடர்புள்ள பர்மிய மொழிச் சொற்களன்றோ இம்பால் மாணவர் வாயில் முதலில் ஏறியிருக்க வேண்டும்? சாயல், பார்க்கத் தூண்டும். எந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது என்பதை அது முடிவு செய்வதில்லை.

மொழிக் குடும்ப உறவு தேடுவதும் இங்கே உதவாது. மணிப்புரி திபெத்திய-பர்மியக் கிளையைச் சார்ந்தது, கொரியம் அக்குடும்பத்ததன்று. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையும் ஒட்டுநிலை அமைப்பும் இரண்டுக்கும் பொது. அவை தமிழுக்கும் பொது. இவ்வொப்புமையை வைத்து ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஓர் ஒப்பிலக்கணமே எழுதினார். மொழியியலார் அம்முடிவை ஏற்கவில்லை. எனினும் கொரியத் தொடர் பார்க்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் 'அப்பா', 'ஒம்மா' என்னும் அழைப்பைக் கேட்டவுடன் அதே முடிவுக்கு ஒருமுறை வந்தே தீர்கின்றனர். உலக மொழிகள் பலவற்றில் தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் இதழொலிகளால் அமைவதற்கு யாக்கோப்சன் தந்த விளக்கம் பாடநூல்களை விட்டு வெளியே வரவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

சொல் அமர்ந்த இடம்

2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மணிப்பூரிலிருந்து வந்த செய்திகளும் ஆய்வுகளும் குறிப்பிடும் கொரியச் சொற்கள் ஏறக்குறைய ஒரே தொகுதியைச் சார்ந்தவை. சந்திக்கையில் கூறும் 'அன்யோங்ஹசேயோ'. நன்றி கூறும் 'கம்சாஹம்னிதா'. காதலைத் தெரிவிக்கும் 'சரங்ஹே'. 'என்ன செய்வது' என்னும் திகைப்பு. 'ஏன்' என்னும் வினா. நண்பனை நோக்கி விளையாட்டாகக் கூறும் 'சாக வேண்டுமா' என்னும் மிரட்டல். இவற்றோடு 'ஒப்பா' முதலிய விளிச்சொற்கள். உழவு, சமையல், கருவி, கல்வி ஆகிய துறைகளின் பெயர்ச்சொற்கள் இங்கில்லை. பொருளோடு சேர்ந்து சொல் வருவதே கடன்பேற்றின் பொதுவழி. தமிழில் சாவி, அலமாரி, சன்னல் ஆகியவை போர்த்துக்கீசியரிடமிருந்து பொருளோடு வந்தவை. மணிப்பூருக்கு வந்த கொரியச் சொற்களோ எப்பொருளையும் கொண்டுவரவில்லை. அவை பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும், ஒருவரை அழைக்கவும் சீண்டவும் பயன்படும் விளிம்புச் சொற்கள்.

இவ்விளிம்பில் முன்பு எந்த மொழி அமர்ந்திருந்தது என்று கேட்க வேண்டும். மணிப்புரியில் வணக்கம் கூறும் 'குருமஜரி', 'வணங்குகிறேன்' என்னும் பொருளது. நன்றி கூறும் 'தாகத்சரி'யும் முறைமை சார்ந்தது. மேடைக்கும் மூத்தோர் முன்னிலைக்கும் பொருந்தும் இச்சொற்களைப் பதினைந்து வயதுப் பெண் தன் தோழியிடம் ஆளுவது அரிது. தமிழிலும் நிலைமை வேறன்று. 'வணக்கம்', 'நன்றி', 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' ஆகிய மூன்றையும் ஒரு பள்ளி மாணவன் தன் ஒத்த வயதினரிடம் கூறின், கேட்பவர் நகைப்பர். அவன் கூறுபவை 'ஹாய்', 'தேங்க்ஸ்', 'ஐ லவ் யூ'. இந்திய மொழிகள் பலவற்றில், ஒத்த வயதினரிடையே நிகழும் இச்செயல்களுக்குரிய இடத்தை ஆங்கிலம் நெடுங்காலமாகப் பிடித்துவைத்துள்ளது. மணிப்பூரில் கொரியம் வந்தமர்ந்த இடமும் அதுவே. கொரியச் சொற்கள் தள்ளியது மணிப்புரிச் சொல்லை அன்று; இந்திச் சொல்லையும் அன்று; அவை ஆங்கிலத்தின் இடத்தில் பங்கு கேட்டன. தாய்மொழி அழிகிறது என்று அஞ்சியவர் இதனைக் கருதவில்லை. இடம் முன்பே அயன்மொழி வசம் போயிருந்தது, குடியிருப்பவர் மாறினர்.

பதின்பருவத்தினரே இதற்கு முதலில் ஆட்பட்டமைக்கும் காரணம் உண்டு. குழந்தைக்கு வேண்டிய விளிகளை வீடே தந்துவிடுகிறது. மணிப்புரியில் உறவுப்பெயர்கள் 'என்', 'உன்', 'அவர்' என்னும் உடைமை முன்னொட்டுகளோடு வருவன: 'இமா' என் தாய், 'நமா' உன் தாய், 'மமா' அவர் தாய். இம்பாலில் பெண்களே வணிகம் செய்யும் சந்தைக்கு 'இமா கைத்தேல்', அதாவது தாய்மார் சந்தை, என்று பெயரிருப்பதால், அயலாரையும் உறவாக்கி அழைப்பது அம்மொழிக்குப் புதிதன்று என்பதும் விளங்கும். ஆயினும் பள்ளியில் ஓராண்டு மூத்த மாணவன், எதிர்ப்பாலைச் சார்ந்த நண்பன், விருப்பத்துக்குரியவன் ஆகியோரை எவ்வாறு அழைப்பது? உறவுப்பெயர் மிகை, வெறும் பெயர் குறை. பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே ஒருவர் முதன்முறையாக எதிர்கொள்ளும் மொழிச்சிக்கல் இது. கொரியத் தொடர்களில் பாதி நேரம் இச்சிக்கலையே கதையாக்குகின்றன என்பதைப் பண்பாட்டு ஆய்வாளர் குறிக்கத் தவறினர்.

வசனவரி விட்டுச்செல்வது

கொரியத்தில் ஒரு பெண் தன் மூத்த உடன்பிறந்தானை 'ஒப்பா' என்பாள். ஆண் அதே உறவினனை 'ஹ்யோங்' என்பான். பெண்ணுக்கு மூத்தவள் 'உன்னி', ஆணுக்கு மூத்தவள் 'நூனா'. இவை உடன்பிறந்தாரோடு நில்லாமல் நண்பருக்கும் காதலருக்கும் விரியும். பள்ளியில், பணியிடத்தில் மூத்தவர் 'சொன்பே'. பெயருக்குப் பின் 'ஷி', 'நிம்' என்னும் மரியாதை ஒட்டுகள் வரும். இவற்றினும் நுட்பமானது வினைமுடிவு. 'போ' என்னும் ஒரே ஏவல், கேட்பவரின் தகுதிக்கேற்ப 'கா', 'காயோ', 'காஷிப்ஷியோ' எனப் பல படிகளில் வரும். இருவர் பணிவு நடையை விட்டுப் 'பன்மல்' எனப்படும் நெருக்க நடைக்கு மாறுவது கதையில் ஒரு திருப்பம். மாறலாமா என்று அனுமதி கேட்பதே ஒரு காட்சியாக வரும்.

ஆங்கில வசனவரி இவற்றை என்ன செய்யும்? வினைமுடிவின் படிகள் மூன்றும் 'கோ' என்னும் ஒரு சொல்லாகும். விளிச்சொல் இருந்த இடத்தில் பாத்திரத்தின் பெயர் வரும், அல்லது ஒன்றும் வராது. 2021இல் வெளிவந்த 'ஸ்க்விட் கேம்' தொடரில் ஒருத்தி ஒருவனை 'ஒப்பா' என்று அழைப்பது ஆங்கில வசனத்தில் 'பேப்' என்று ஆனதும், அது குறித்துக் கொரியம் அறிந்தோர் எழுப்பிய விவாதமும் மொழிபெயர்ப்புத் துறையினர் அறிந்தவை. வசனவரி எழுதுவோரைக் குறைகூறுவதற்கில்லை. வாசிக்க ஓரிரு நொடியே உள்ள வரியில் உறவுமுறை பற்றிய விளக்கம் இடம்பெறாது. ஆங்கிலத்தில் அதற்குரிய இலக்கணமும் இல்லை.

ஆனால் திரைப்படத்தில் மொழிபெயர்ப்பு மூலத்தை மூடுவதில்லை; மூலம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. காட்சியில் ஒருத்தி 'ஒப்பா' என்கிறாள்; அவள் முகம் மாறுகிறது; எதிரே நிற்பவன் திரும்புகிறான்; அடியில் ஓடும் ஆங்கில வரியில் அச்சொல்லுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. காதுக்கு எட்டியது கண்ணுக்கு எட்டாத இவ்விடத்தில் பார்வையாளர் தாமே பொருள் கொள்ள வேண்டியவராகிறார். கதைச் சூழலிலிருந்து தாமாக வருவித்துக்கொண்ட பொருள் எளிதில் மறப்பதில்லை. வசனவரியால் நன்கு மொழிபெயர்க்கப்பட்ட நூற்றுக்கணக்கான பெயர்ச்சொற்களும் வினைகளும் காதில் விழுந்து கழிந்துபோக, மொழிபெயர்க்கப்படாத சில சொற்களே மணிப்பூர் மாணவர் நாவில் தங்கின. மொழிபெயர்ப்பின் எச்சமே இங்குக் கடன்சொல் ஆகிறது.

இக்கருத்துக்கு ஒரு தடை உண்டு. 'சரங்ஹே'யும் 'கம்சாஹம்னிதா'வும் ஆங்கிலத்தில் முழுமையாகப் பெயர்க்கப்பட்டவையே. அவை ஏன் தங்கின? அவை தனித்து முழுப்பேச்சாக வருவன, முன்னும் பின்னும் இடைவெளி விட்டு ஒலிப்பன, ஒவ்வொரு தொடரிலும் திரும்பத் திரும்ப வருவன என்பது ஒரு விடை. வசனவரியில் அவற்றுக்கு நேரான ஆங்கிலத் தொடர் பார்வையாளர் முன்பே நாளும் பேசுவதாக இருந்தது என்பது மற்றொன்று: 'தேங்க்யூ' என்னும் பழகிய சொல் கண்ணிலும் 'கம்சாஹம்னிதா' காதிலும் ஒருங்கே பட்டமையால் மாற்றீடு எளிதாயிற்று. ஆகவே இரு வாயில்களைக் கொள்ள வேண்டும். ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் அதற்கு நிகராக நுழைந்தவை ஒருவகை. ஆங்கிலச் சொல்லே இல்லாத இடத்தில் எச்சமாக நுழைந்தவை மற்றொருவகை. முன்னவை புதுமை தேயும்போது மீண்டும் ஆங்கிலத்துக்கு வழிவிடக்கூடும். பின்னவற்றுக்கு அத்தகைய மாற்று இல்லாமையால் நீடிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2021 செப்டம்பரில் ஒரே முறையில் ஏற்ற இருபதுக்கு மேற்பட்ட கொரியச் சொற்களுள் 'ஒப்பா'வும் 'உன்னி'யும் உள்ளன. ஆங்கிலம் பல ஆண்டுகள் மொழிபெயர்க்காமல் விட்ட சொற்களையே இறுதியில் சொல்லாக ஏற்றுக்கொண்டது. அவ்வகராதி 'ஒப்பா'வுக்குக் கவர்ச்சி மிக்க கொரிய ஆடவன், குறிப்பாகப் புகழ்பெற்ற நடிகன் அல்லது பாடகன், என்னும் பொருளையும் தருகிறது. பிறநாட்டுப் பார்வையாளரின் வழக்கே இப்பொருளுக்கு வலுவூட்டியது எனலாம்.

குரல் மாறும்போது

டப்பிங் செய்யப்பட்ட நிகழ்ச்சி நேர்மாறான விளைவைத் தரும். இதற்குத் தெளிவான சான்று வங்கதேசத்தில் உள்ளது. சப்பானியக் கேலிச்சித்திரத் தொடரான 'டோரேமான்' இந்தியில் டப்பிங் செய்யப்பட்டு இந்திய அலைவரிசை வழியே அங்கே ஒளிபரப்பாயிற்று. வங்கக் குழந்தைகள் இந்தி பேசத் தொடங்கினர் என்னும் முறையீட்டின் பேரில் அந்நாட்டு அரசு 2013 பிப்ரவரியில் அதனைத் தடை செய்தது. அங்கே கற்கப்பட்டது மூலமொழியான சப்பானியம் அன்று, குரல்மொழியான இந்தி. அதுவும் உதிரிச் சொற்களாக அன்று, முழு வாக்கியங்களாக. வங்கத்துக்கு இந்தி நெருங்கிய உறவுமொழி என்பதும், பார்த்தோர் சிறுவர் என்பதும் காரணங்களே. எனினும் அடிப்படை வேறுபாடு பெயர்ப்பு முறையில் உள்ளது. வசனவரி மூலமொழியின் சிதறல்களை விதைக்கும். டப்பிங் பெயர்ப்புமொழியின் நடையையே விதைக்கும். ஊடகத் தாக்கத்தை எடைபோடுவோர் நிகழ்ச்சியின் நாட்டைப் பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது பெயர்ப்பு முறையை. மிசோரமில் அய்சால் நகரின் உள்ளூர்க் கேபிள் நிறுவனங்கள் கொரியத் தொடர்களை மிசோ மொழியில் டப்பிங் செய்தே ஒளிபரப்பிவந்துள்ளன. அடுத்தடுத்த இரு மாநிலங்களில் ஒரே நாட்டுத் தொடர்கள் இருவேறு முறைகளில் சென்றிருப்பதால், இக்கருத்தைச் சோதிக்க இவற்றினும் பொருத்தமான களம் அமைவது அரிது.

தமிழில் இரு முறைகளும் உள்ளன. 2013இல் தொடங்கப்பட்ட புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. பின்னர் இணையவழித் தளங்கள் கொரியக் குரலையும் ஆங்கில வரிகளையும் இங்கும் கொண்டுவந்தன. சில தொடர்களுக்குத் தமிழ் டப்பிங்கும் தருகின்றன. டப்பிங்குக்கு வரும் தமிழ்மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துப்படி. கொரியத்தின் 'காயோ', 'கா' என்னும் வேறுபாட்டைத் தமிழின் 'போங்க', 'போ' ஏறத்தாழ நேராகவே தாங்கும். 'நீங்க' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு இருவர் நகரும் கணம் தமிழ்க் குடும்பங்களுக்கும் காதலர்க்கும் நன்கு தெரிந்த கணம். இரு மொழிகளுக்கும் பொதுவான இவ்வளம் இடையில் ஆங்கிலத்தின் 'யூ' என்னும் ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகிறது. எழுத்துப்படியில் அத்திருப்பத்துக்கு அடையாளமே இல்லாதபோது, தமிழாக்குபவர் நடிகரின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியவராகிறார். ஊகம் தவறின், பணிவு நடையில் தொடங்கி நெருக்க நடைக்கு வந்த காதலர் தமிழில் முதற்காட்சியிலேயே ஒருவரையொருவர் 'நீ' என்பர். பன்மல் பேச அனுமதி கேட்கும் காட்சி பொருளற்றுப்போகும். தமிழுக்கு இயலாமையால் நேர்ந்த இழப்பன்று இது, இடைமொழியால் நேர்ந்தது. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் காலூன்றிய பின் கொரியரும் தமிழரும் நாள்தோறும் உடன் பணியாற்றும் ஒரு மாநிலத்தில், பள்ளியில் கற்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாகக் கொரியத்தைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 குறிப்பிட்டுள்ள காலத்தில், கொரியத்திலிருந்து நேரே தமிழாக்கும் பயிற்சி இன்னும் ஒரு சிலரின் தனிமுயற்சியாக இருப்பது தகாது.

விளிச்சொல்லில் சிக்கல் வேறு. 'ஒப்பா' என்பதைத் தமிழில் 'அண்ணா' என்று பெயர்த்தால் தொடரின் காதற்கதையே தகர்ந்துவிடும். தமிழில் ஒருவனை 'அண்ணா' என்று அழைப்பது அவனைக் காதலுக்கு அப்பாற்பட்டவனாக அறிவிப்பது. மாணவியர் வேண்டாத இளைஞரை விலக்க இச்சொல்லையே பயன்படுத்துகின்றனர். உடன்பிறந்தாரையும் மணமுறை உடையாரையும் சொல்லிலேயே பிரித்துவைப்பது திராவிட உறவுமுறை. அத்தை, மாமன் மக்களுக்குரிய 'அத்தான்', 'மாமா', 'மச்சான்' ஆகியவை காதலுக்கு இடம் தருவன. ஆனால் அவற்றில் உடன்பிறந்தான் இல்லை. கொரியச் சொல்லோ இரண்டையும் ஒருங்கே சுட்டி, எது என்று கூறாமல் நிற்கிறது. அவ்வையத்தில்தான் கதை நகர்கிறது. 'அத்தான்' என்று பெயர்ப்பின், முதற்காட்சியிலேயே முடிவு தெரிந்துவிடும். போதாக்குறைக்கு 1960களின் திரைப்பட மணமும் சேரும். தொல்காப்பியம் விளியை எட்டாம் வேற்றுமையாக வகுத்துத் தனி மரபியலே தந்து, அதனுள் முறைப்பெயர் விளியேற்பதையும் கூறுகிறது. விளியை மொழியின் மையப்பொருளாகக் கொண்ட இம்மரபில் வந்தோர், அதனை வசனத்தின் உதிரியாகக் கருதி நீக்கும் ஆங்கில வழக்கைப் பின்பற்றத் தேவையில்லை.

எஞ்சும் வழி 'ஒப்பா' என்றே விட்டுவிடுவது. ஒலியமைப்பில் அதற்குத் தடை ஏதும் இல்லை. 'அப்பா', 'ஒப்பு' ஆகியவற்றின் அருகே இயல்பாக நிற்கும். வேற்று எழுத்தும் வேண்டுவதில்லை. ஆனால் டப்பிங்கில் எல்லாரும் தமிழ் பேசும்போது ஒருத்தி மட்டும் ஒரு கொரியச் சொல்லைக் கூறுவது, பெயர்ப்பின் ஒருமையைக் குலைக்கும் என்பர் ஒரு சாரார். அக்குலைவு தேவைதானா என்பது காட்சிக்குக் காட்சி மாறும். உடன்பிறந்தார் பேசும் காட்சியில் 'அண்ணா' என்றும், ஐயம் நிலவும் காட்சியில் 'ஒப்பா' என்றும் ஒரே தொடரில் இரண்டையும் ஆளும் உரிமை தமிழாக்குபவருக்கு உண்டு. அவ்வாறு ஆள வேண்டுமாயின், எக்காட்சியில் எச்சொல் ஒலித்தது என்பதை அவர் கொரியக் குரலிலிருந்தே கேட்டறிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்துப்படியில் அது இராது.